ஹெச்.எம். வந்து போன பிறகு

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஆசிரியர்களுக்குள் ஒரு ரகசிய ஏற்பாடு இருந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பையன் வந்து, "மிஸ், டஸ்டர் இருக்கான்னு கேட்டாங்க" என்று நின்றால், ஹெச்.எம். ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார் என்று பொருள். உடனே கரும்பலகையின் மூலையில் தேதியும் வருகை எண்ணிக்கையும் ஏறும். பாடக்குறிப்பு நோட்டு பையிலிருந்து மேசைக்கு வரும். பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியும், முதுகெல்லாம் நிமிர்ந்துவிடும். அவர் வாசலில் நின்று ஒரு படிவத்தில் டிக் போடுவார். சுவரில் சார்ட் மாட்டியிருக்கிறதா, பாடக்குறிப்பில் கையெழுத்து வாங்கியாயிற்றா, வகுப்பு சத்தமில்லாமல் இருக்கிறதா. சில நிமிடத்தில் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். மாதக் கடைசியில் ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் படிவங்களை வைத்து ஒரு வாசிப்பு நடக்கும்.

அவரைக் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் வருவார், கடைசியாகப் போவார். ஆனால் அத்தனை வகுப்புகளை எட்டிப் பார்த்தும், எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அவர் வந்து போனதால் எங்களுக்கும் அது தெரிந்ததில்லை.

கல்வியில் நல்ல தலைமை என்றால் என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் இந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. தொலைநோக்கு, ஆளுமை, பேச்சாற்றல் என்று பயிற்சி முகாம்களில் பெரிய பட்டியல் போடுவார்கள். எனக்கு ஒரே ஒரு உரைகல் போதும்: தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து போன பிறகு, அந்த ஆசிரியருக்குத் தன் பிள்ளைகளைப் பற்றி முன்பு தெரியாத ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை யாரோ அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மயாமி பகுதியில் ஏறத்தாழ நூறு பள்ளி முதல்வர்களின் பின்னாலேயே நாள் முழுக்க ஆட்களை அனுப்பி, அவர்கள் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பென்ஜமின் மாஸ்டர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இது. கற்பித்தல் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு முதல்வர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 12.7 சதவீதம். அதிலும் மற்ற எதையும் விட அதிகமான நேரம் இந்த 'எட்டிப் பார்க்கும்' ரவுண்ட்ஸுக்குத்தான் போயிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரவுண்ட்ஸ் அதிகமாக நடந்த பள்ளிகளில் மாணவர்களின் முன்னேற்றம் கூடவில்லை. குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து அவருடைய கற்பித்தலை மெருகேற்றுவதற்குச் செலவிட்ட நேரத்துக்குப் பலன் இருந்தது. ரவுண்ட்ஸ்தான் கெடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏற்கனவே தடுமாறும் பள்ளியில் முதல்வர் அதிகம் சுற்றுவதும் இயல்புதான். ஆனால் சுற்றுவதே வேலை என்று நினைப்பவர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. எங்கள் டஸ்டர் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவதாக எனக்கு வாய்த்த ஹெச்.எம். வரலாற்று ஆசிரியர். கணக்கு அவருக்குத் தூரம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒருநாள் என் ஆறாம் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில், ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். கையில் படிவம் இல்லை. அந்தப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தார், அவளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார், பீரியட் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார். எனக்கோ உள்ளங்கை வியர்த்துவிட்டது.

மாலையில் கூப்பிட்டார். பாராட்டுவார் அல்லது திட்டுவார் என்று போனால், ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் 1/3 + 1/4 = 2/7 என்று இருந்தது.

"டீச்சர், அந்தப் பொண்ணு இப்படிப் போட்டிருந்தா. ஏன்னு கேட்டேன். மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதைக் கீழயும் கூட்டினேன் சார்ன்னா. எனக்கே அது சரின்னுதான் பட்டுது. ஏன் தப்பு?"

"சார், பகுதியைச் சமப்படுத்தணும்..."

"அது எப்படிச் செய்யணும்ங்கறது. நான் கேக்கறது, அவ செஞ்சது ஏன் தப்பு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருவரும் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டோம். 2/7 என்பது 1/3ஐ விடச் சின்னது. அதாவது ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு, இருந்ததும் குறைந்துவிட்டது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அவளே தலையில் கை வைத்திருப்பாள். பேசப் பேச இன்னொன்றும் புரிந்தது. அவள் கூட்டிய விதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தேர்வில் மூன்றுக்கு ஒன்று, இன்னொன்றில் நான்குக்கு ஒன்று வாங்கினால், மொத்தம் ஏழுக்கு இரண்டு என்றுதானே மார்க் போடுகிறோம்? பிள்ளைகள் தினமும் பார்க்கும் கூட்டல் அதுதான். மார்க் ஷீட்டில் சரியாக இருப்பது கணக்கு நோட்டில் ஏன் தப்பாகிறது என்று நாங்கள் ஒருநாளும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஒரே முழுமையின் பங்குகளைக் கூட்டுவது வேறு, வெவ்வேறு முழுமைகளைச் சேர்த்து எண்ணுவது வேறு. 'மீ.சி.ம. எடு, பெருக்கு, கூட்டு' என்று நேராக வழிமுறைக்குப் போய்விடுகிறோம்.

"மத்த செக்ஷன்ல எத்தனை பேர் இப்படிப் போடறாங்கன்னு பார்க்கலாமா?" என்றார். பார்த்தோம். வகுப்புக்கு வகுப்பு எண்ணிக்கை மாறியது, ஆனால் இந்த விடை இல்லாத வகுப்பே இல்லை. அடுத்த வாரம் கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் அந்த நோட்டுகளோடு உட்கார்ந்தோம். அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாணவரைப் போலக் குறிப்பெடுத்தார். நான் பாடத்தை மாற்றி எடுத்த அன்று, "வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு திரும்பவும் வந்தார். வருகிற தலைவர்கள் எத்தனையோ பேர் உண்டு. சொன்னது என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பி வருகிறவர்கள் அபூர்வம்.

பல வருடம் கழித்து விவியன் ராபின்சன், கிளேர் லாய்ட், கென்னத் ரோ 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் படித்தபோது அந்த நாற்காலிதான் கண்முன் வந்தது. தலைமைக்கும் மாணவர் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முந்தைய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஊக்கமும் கனவும் ஊட்டும் தலைமையை விட, கற்றல் கற்பித்தலில் நேரடியாக இறங்கும் தலைமையின் விளைவு மூன்று நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. தலைமைப் பணியை ஐந்து கூறாகப் பிரித்ததில் மிகப் பெரிய விளைவு, ஆய்வாளர்களின் விளைவு அளவுகோலில் 0.84, எதற்கு வந்தது தெரியுமா? ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் பங்கெடுப்பதற்கு. 'தானும்' என்பதுதான் முக்கியம். பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, "அவசர வேலை" என்று அறைக்குத் திரும்புவது இந்தக் கணக்கில் வராது.

இதற்காக நல்ல பேச்சாளர்களை நான் மட்டம் தட்டவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கண்ணீர் வரவழைக்கும் ஹெச்.எம். ஒருவரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அன்று முதல் பீரியட் வரை அந்தச் சூடு இருக்கும். அப்புறம் பின்னக் கூட்டல் வந்துவிடும்.

'வலுவான தலைமை' என்ற சொல்லாட்சி கல்வித்துறையில் எங்கிருந்து பரவியது என்று தேடினால் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரொனால்ட் எட்மண்ட்ஸ் வந்து நிற்பார். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் குழுவின் அறிக்கை வந்தபின், பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குடும்பப் பின்னணிதான் பெரிதும் தீர்மானிக்கிறது, பள்ளியால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வேரூன்றியது. எட்மண்ட்ஸ் அதை ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் நன்றாகக் கற்கும் பள்ளிகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று 1979இல் எழுதினார். அந்தப் பட்டியலின் முதல் வரி வலுவான நிர்வாகத் தலைமை. அதே பட்டியலில் எல்லாப் பிள்ளைகளிடமும் உயர்ந்த எதிர்பார்ப்பு, மாணவர் முன்னேற்றத்தை அடிக்கடி கவனிப்பது என்று மற்றவையும் உண்டு. நம் ஆட்கள் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, வலுவானவர் என்றால் கண்டிப்பானவர், கண்டிப்பானவர் என்றால் சத்தம் போடுகிறவர் என்று கொண்டுபோய்விட்டார்கள்.

என் வரலாற்று ஹெச்.எம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் வலுவைக் காட்டிய இடம் டைம் டேபிள்.

ஒரு பள்ளி உண்மையில் எதை மதிக்கிறது என்பதை அதன் நோக்க அறிக்கையில் தேடக்கூடாது, டைம் டேபிளில் தேட வேண்டும். வழக்கமாக என்ன நடக்கும்? அனுபவமும் செல்வாக்கும் உள்ளவருக்கு நன்றாகப் படிக்கும் 'ஏ' செக்ஷன். புதிதாக வந்தவருக்கு, யாரும் தொட விரும்பாத வகுப்பு, அதுவும் கடைசி பீரியட். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அனுபவம் குறைந்த ஆசிரியர். இது யாரும் திட்டமிட்டுச் செய்யும் கொடுமை இல்லை, மூப்புக்கு மரியாதை என்ற பெயரில் தானாக நடந்துவிடும். அவர் இதைப் புரட்டிப்போட்டார். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவையே பல வருடமாக எடுத்துவந்த ஒருவரிடம் நேரில் போய், "சார், ஏழாவதுல இந்த செக்ஷனை உங்களை விட்டா யாரும் தூக்கி நிறுத்த முடியாது" என்றார். அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹெச்.எம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொண்டாரே ஒழிய, டைம் டேபிளை மாற்றவில்லை.

அதே அட்டவணையில் கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஒரு பீரியட் ஓய்வு வரும்படி செய்தார். டைம் டேபிள் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஒன்றை நகர்த்தினால் ஏழு இடிக்கும். நாங்கள் நோட்டுகளை வைத்துக்கொண்டு பேசியதெல்லாம் அந்த பீரியடில்தான். யாராவது லீவு போட்டாலும் அந்த நேரத்துக்கு சப்ஸ்டிட்யூஷன் போட எங்களைத் தொடமாட்டார். தானே போய் அந்த வகுப்பில் உட்கார்ந்துகொள்வார்.

மைக்கையும் பூட்டினார். அதுவரை, "எட்டாம் வகுப்பு மாணவர்கள் யாரேனும் பிங்க் நிற டிபன் பாக்ஸைத் தவறவிட்டிருந்தால்" என்று எந்த நேரமும் ஒலிபெருக்கி அலறும். ஒருவருக்கான சேதிக்கு ஆயிரம் பேர் தலையைத் தூக்குவார்கள். அறிவிப்புகள் எல்லாம் இனிமேல் இடைவேளையில் மட்டும் என்றார், சர்குலர் வந்தால் பீரியட் முடிந்துதான் வரவேண்டும் என்றார். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மேத்யூ கிராஃப்ட், மானுவல் மோண்டி-நுஸ்பாம் இருவரும் 2021இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சராசரி வகுப்பறையில் வருடத்துக்கு 2,000 தடவைக்கு மேல் வெளியிலிருந்து இடையூறு வருகிறது. அறிவிப்பு, தொலைபேசி, கதவைத் தட்டும் ஆட்கள். இவற்றாலும் பிறகு வகுப்பு மீண்டும் ஓர் ஒழுங்குக்கு வர எடுக்கும் நேரத்தாலும் வருடத்தில் 10 முதல் 20 நாள் படிப்பு போகிறது. ஒரு பூட்டு, ஒரு சர்குலர் விதி, பத்து இருபது நாள். இதைவிட மலிவான சீர்திருத்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு ஹெச்.எம்.மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி நினைக்கும்போது என் தீர்ப்பு தடுமாறும். தங்கமான மனுஷி. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் யாருக்குப் பரீட்சை என்று எல்லாம் தெரியும். லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். ஸ்டாஃப் ரூமே அவரைக் கொண்டாடியது. ஆனால் ஒரு வகுப்பு நாசமாகிக்கொண்டிருந்தால் அதை யாரிடமும் வாய்திறந்து சொல்லமாட்டார். மனசு நோகும் என்று விட்டுவிடுவார். நோகாமல் போனது ஆசிரியர் மனசு, நஷ்டம் பிள்ளைகளுக்கு.

அந்தோனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 1990களில் சிகாகோ தொடக்கப் பள்ளிகளில் பல வருடம் செய்த ஆய்வு பள்ளிக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பற்றியது. நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறும் வாய்ப்பு இருந்தது, பலவீனமாக இருந்தவற்றில் ஏழில் ஒன்றுதான். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் நம்பிக்கை என்றால் அன்பாக இருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரைக்கும் ஷ்னைடரும் நம்பிக்கையின் கூறுகளாகச் சொன்னவை நான்கு: மரியாதை, தனிப்பட்ட அக்கறை, வேலையில் திறமை, சொன்னபடி நடக்கும் நேர்மை. அந்த அம்மையாரிடம் முதல் இரண்டும் வழிந்தன. பின்னிரண்டில் இடறினார். ஒழுங்காக வேலை செய்யாதவரும் செய்கிறவரும் ஒரே மாதிரி நடத்தப்படும்போது, நன்றாக வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் நம்பிக்கை போகும்.

சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்பதும் ஒரு தொழில்திறமை. எங்கள் அறிவியல் ஆசிரியை ஒருவர், மூத்தவர், பீரியட் முழுக்க நோட்ஸ் சொல்லி எழுத வைப்பார். வரலாற்று ஹெச்.எம். அவரைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று அந்த ஆசிரியையே ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார்.

"மேடம், உங்க பிள்ளைங்க நோட்டைப் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா நாலஞ்சு பேர்கிட்ட கேள்வி கேட்டா, எழுதினதையே பதிலாச் சொல்லத் தெரியல. எனக்குக் கவலையா இருக்கு. நான் கவனிக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

ஆசிரியை விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்கு சார். போர்ஷன் முடிக்கலைன்னா வாராவாரம் ரெஜிஸ்டரை வச்சிக்கிட்டு யாரு கேக்கறது? நீங்கதானே? பரிசோதனை செஞ்சு காட்டினா ரெண்டு பீரியட் ஓடுது. நோட்ஸ் சொன்னா அரை பீரியட்."

அவர் அந்த ரெஜிஸ்டரை மறுவாரமே நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதித்தரச் சொன்னார். அந்த ஆசிரியை நோட்ஸை முழுதாக விட்டுவிடவில்லை, மனிதர்கள் அப்படி மாறுவதில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தின் கதவு அந்த வருடம் அடிக்கடி திறந்தது. சந்தேகத்தை மறைக்காமல் சொல்வது, எதிராளி சொல்வதைக் கேட்டுத் தன் கருத்தையும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பது, இரண்டையும் ஒரே பேச்சில் செய்கிற தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கெட்ட சேதி மேலே போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா ஒன்று போதும். அந்த நகரத்துப் பள்ளிகளின் தேர்ச்சி மளமளவென்று ஏறியது. அவற்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு 2009இல் தேசிய அளவில் சிறந்த கல்வித் தலைவர் விருதும் கிடைத்தது. 2011இல் மாநில அரசின் விசாரணை அறிக்கை வந்தது. சோதித்த 56 பள்ளிகளில் 44இல் பிள்ளைகளின் விடைகளை ஆசிரியர்களே மாற்றுவது போன்ற தேர்வு மோசடி நடந்திருந்தது, 178 கல்வியாளர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். இலக்கை எட்டாதவர்கள் அவமானத்துக்கும் பழிவாங்கலுக்கும் பயந்து கிடந்த சூழலை அந்த அறிக்கை விரிவாகச் சொல்கிறது. தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த நிமிடத்தில், அந்தப் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று தெரிந்துகொள்ளும் கடைசி வாய்ப்பும் போய்விட்டது. 2/7 என்ற விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துவந்த மனிதரையும் இவர்களையும் ஒரே பதவிப் பெயரால் அழைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் வரலாற்று ஹெச்.எம்.மோடு எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவர் தனக்கென்று ஒரு வகுப்பு வைத்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்ட நேரத்துக்கு அதிகாரிங்க மீட்டிங் வரும், பெத்தவங்க வந்து நிப்பாங்க, என் வகுப்புதான் அடிக்கடி அநாதையாகும். அதுக்கு ஒழுங்கா எடுக்கறவங்ககிட்டயே விட்டுடலாம்" என்பார். நியாயமான வாதம்தான், பெரிய பள்ளிகளில் வேறு வழியும் இருக்காது. நான் தலைமையாசிரியர் ஆனபோது ஆறாம் வகுப்புக் கணக்கை மட்டும் விடவில்லை. புதுப் பாடநூல் வந்தால் எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள், புதிதாக வந்த பதிவேடு உண்மையில் எத்தனை நிமிடம் தின்கிறது என்பதெல்லாம் எனக்கு யாரும் அறிக்கை எழுதித்தர வேண்டியதில்லை. அதிகாரிகள் கூட்டம் என் பீரியடோடு மோதினால் துணைத் தலைமையாசிரியரை அனுப்புகிறேன். இதற்காக மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் உண்டு. பதிலில் என் டைம் டேபிளின் நகலை இணைத்து அனுப்பினேன்.